ஆய்வுக்கு இடம் தேடும் தம்பி தங்கைகளுக்கு

திருத்தணிப் பக்கம் எம்.எஸ்சி. முடித்த பிள்ளை பி.எச்டி. என்று பேச்செடுத்தால், "அதுக்கு எவ்வளவு செலவாகும்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். எங்கள் அப்பாவும் அதையேதான் கேட்டார். ஆனால் அறிவியலில் முழுநேர ஆய்வு என்பது பெரும்பாலும் உதவித்தொகை வாங்கிக்கொண்டு செய்வது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. முதலில் இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். ஐ.ஐ.டி.க்களுக்கு கேட் மதிப்பெண்ணும் உதவும். தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியல் செய்ய ஆசையென்றால் ஜெஸ்ட் தேர்வு எழுதுங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மின்சார ரயில் போகும் சென்னைத் திசையை மட்டுமே பார்க்கிறார்கள். அடையாற்றின் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பஸ் ஏறினால் திருப்பதி. அதைத் தாண்டி ஏர்ப்பேடு பக்கம் 2015இல் தொடங்கிய ஐசர் இருக்கிறது. "அது ஆந்திராவாச்சே" என்று ஒதுக்காதீர்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கு மாநில எல்லை கிடையாது. நம் ஊரே 1960இல்தான் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது.

நிறுவனத்தின் பெயரைவிட கைடு யார் என்பதே முக்கியம். ஐந்தாறு வருடம் அவரிடம்தான் இருக்கப்போகிறீர்கள். அவருடைய சமீபத்திய பேப்பர்களில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா? முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ப்ராஜெக்ட் நிதி தீர்ந்தால் கெமிக்கலுக்கு யார் பணம் தருவார்கள்? இவற்றை அங்கே படிக்கும் மாணவரிடம், லேபுக்கு வெளியே, டீக்கடையில் கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும். ப்ராஜெக்ட் வேலையாகச் சேருகிறவர்கள், பி.எச்டி. பதிவு உண்டா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கைடுக்கு எழுதும் கடிதத்தில் புகழ்ச்சி வேண்டாம். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய ராமானுஜன், தான் ஒரு குமாஸ்தா என்று சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தன் தேற்றங்களையே வைத்தார். அந்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. நீங்களும் எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் என்ன செய்தீர்கள், எந்தக் கருவியை உங்கள் கையால் இயக்கினீர்கள், அவருடைய எந்தப் பேப்பரைப் படித்தீர்கள் என்பதை எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நேர்காணலுக்குத் தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். தேர்வுக் குழு பெரும்பாலும் இளங்கலைப் பாடத்தின் அடிப்படையைத்தான் கேட்கிறது. விடை தெரியாவிட்டால் மௌனமாக நிற்காமல், எதுவரை தெரியுமோ அதுவரை போர்டில் எழுதிக் காட்டுங்கள். உடைந்த ஆங்கிலத்துக்காக நல்ல கெமிஸ்ட்ரியை யாரும் தள்ளிவிடுவதில்லை.

காசு கொடுத்தால் பேப்பர் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று: பி.சி., எம்.பி.சி. பிரிவினர் மத்திய அரசு விண்ணப்பங்களில் மாநிலச் சாதிச் சான்றிதழை வைத்து ஓ.பி.சி. சலுகை கோர முடியாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழ் வேண்டும். கடைசித் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள்.