சுடாத நேரத்தைக் கவனியுங்கள்

அமெரிக்காவில் ஆயுதம் தாங்கிய செக்யூரிட்டி வேலைக்குப் போக நினைக்கிறீர்கள். அல்லது ஹூஸ்டனிலோ டாலஸிலோ இரவெல்லாம் திறந்திருக்கும் காஸ் ஸ்டேஷன் கடை நடத்துகிறீர்கள். தற்காப்புக் கைத்துப்பாக்கி வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிடலாம் என்று தோன்றுகிறது. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள்.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் தடை போட்டிருக்கிறது. சுடுதளத்தில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் இந்தத் தடைக்குள் வரும். மாநிலம் வழங்கிய வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஆபீஸ் நண்பர்களோடு சனிக்கிழமை ஜாலியாகப் போய்ச் சுட்டுவிட்டு, இன்ஸ்டாகிராமில் படமும் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்தது முதலாளி. வேலையிடத்துக்கு ஊழியர்கள் ஆயுதம் கொண்டுவருவதைப் பெரிய நிறுவனங்கள் பலவும் தடை செய்துள்ளன. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் வேலை போகும். டெக்சாஸில், பூட்டிய சொந்தக் காருக்குள் சட்டப்படி வைத்திருப்பதைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது. கடைக்குள் கொண்டுவருவது வேறு கதை. ஊழியர் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

உரிமத்துக்கான பயிற்சி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆயுதம் தாங்கிய காவலருக்கு டெக்சாஸ் 45 மணி நேரம் கேட்கிறது. ஃபுளோரிடாவின் ‘ஜி’ உரிமத்துக்கு 28. கலிஃபோர்னியாவின் துப்பாக்கி பெர்மிட்டுக்கு 14. காவலர் வேலைக்கு இல்லாமல் தற்காப்புக்கு மட்டும் என்றால், டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் தகுதியுள்ள பெரியவர்களுக்கு உரிமமே கட்டாயமில்லை. விரும்பி எடுப்பவர்களுக்கான சோதனை, 3, 7, 15 கெஜ தூரத்தில் 50 தோட்டா. 70 சதவீதம் எடுத்தால் போதும். அசையாத காகிதத்தை நோக்கி நிதானமாகச் சுடுவதுதான் அது. அதில் தேறியவுடன் இடுப்பில் செருகிக்கொண்டு கல்லாவில் உட்காருவது அவசரம். தனியார் தற்காப்பு வகுப்புகளுக்கு வேலை வருவதே இந்த இடைவெளியில்தான்.

அந்த வகுப்புகளில் நல்லதும் உண்டு, வெறும் நாடகமும் உண்டு. கறுப்புக் கண்ணாடி, தாடி, ராணுவப் பேன்ட், எந்தப் படையில் இருந்தார் என்ற நீண்ட வரலாறு எல்லாவற்றையும் விளம்பரத்தில் பார்க்கலாம். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு வகுப்பின் தரம் தெரிவது யாரும் சுடாத நிமிடங்களில்: தோட்டா நிரப்பும்போது, தண்ணீர் குடிக்கப் போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குக் கலையும்போது, பழுதான துப்பாக்கியை ஒருவர் இன்னொருவரிடம் காட்டும்போது. பலரும் விசையைத் தவறி இழுப்பதும், குழல் அடுத்தவர் வயிற்றைத் தடவிச் செல்வதும் இந்த நேரங்களில்தான். வரிசையில் நின்று இலக்கைப் பார்த்துச் சுடும்போது எல்லோருமே ஓரளவு கவனமாகத்தான் இருக்கிறார்கள்.

ஆகவே சேரும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: உங்களுடையது ஹாட் ரேஞ்சா, கோல்ட் ரேஞ்சா? கோல்ட் ரேஞ்ச் என்றால், பயிற்சியாளர் சொல்லும்வரை எல்லாத் துப்பாக்கியும் காலியாக இருக்கும். ஹாட் ரேஞ்ச் என்றால், தோட்டா நிரப்பிய துப்பாக்கி நாள் முழுவதும் உறையில் இருக்கும். இரண்டுமே ஒழுங்காக நடத்தக்கூடியவைதான். முதல்முறை போகிறவருக்குக் கோல்ட் ரேஞ்ச் போதும் என்பது என் கருத்து. எது என்று தெளிவாகச் சொல்லத் தெரியாமல் மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

அடிப்படை விதிகள் நான்கு. துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பியவை. அரிசோனாவின் பால்டனில் 1976-ல் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கன்சைட். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே கொள். அழிக்க மனமில்லாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். எல்லா வகுப்பிலும் காலையில் இதை ஒப்பிப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு, எல்லோரும் வெயிலில் களைத்திருக்கும்போது, பயிற்சியாளரே கடைப்பிடிக்கிறாரா என்று பாருங்கள். ‘இது காலிதான்’ என்று சொல்லிக்கொண்டே அவர் குழலை மாணவர்கள் பக்கம் திருப்பினால் அந்த வகுப்பு முடிந்துவிட்டது என்று பொருள். மாணவர்கள் சுடும்போது இலக்குகளுக்கு அருகில் நின்றுகொண்டு ‘நிஜ அழுத்தம் பழக வேண்டும்’ என்று வீரம் பேசினாலும் அப்படித்தான். கட்டிய பணத்தை மறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

துப்பாக்கியைக் காலி செய்வதை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், குழலின் பின்னே உள்ள அறையிலிருந்த தோட்டா வெளியே துள்ளி விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். பிறகு மேகசினைக் கழற்றி வைத்துவிட்டு, காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். கிளாக் போன்ற துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைக்க விசையை இழுத்தே ஆக வேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் உயிரை வாங்கும். நல்ல பயிற்சியாளர் கண்ணால் பார்க்கச் சொல்வார், அறைக்குள் சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

உறையில் திரும்பச் செருகுவதும் அப்படித்தான். உருவுவதில் வேகம் வேண்டும். செருகுவதில் அவசரமே கூடாது. சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ உறைக்குள் மாட்டி விசையை அழுத்திவிடும். விசைப் பகுதியை முழுதாக மூடும் கெட்டியான உறை வாங்குங்கள். விசைவிரலால் பொத்தானை அழுத்தி விடுவிக்கும் பூட்டு வைத்த உறைகளைப் பல பள்ளிகள் உள்ளேயே விடுவதில்லை.

விபத்துகளைப் பற்றிப் பேசத் தயங்கும் பயிற்சியாளரை நான் நம்பமாட்டேன். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில், ‘உசி’ (Uzi) தானியங்கித் துப்பாக்கியை 9 வயதுச் சிறுமி சுட்டபோது அது உதைத்துத் திரும்பி, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரைக் கொன்றது. கற்பவரின் கைக்கு மீறிய ஆயுதத்தைக் கொடுத்த தவறு அது. 2016 ஆகஸ்டில் ஃபுளோரிடாவின் புன்டா கோர்டாவில், போலீசார் பொதுமக்களுக்கு நடத்திய செய்முறைப் பயிற்சியில், ஓய்வுபெற்ற நூலகரான 73 வயதுப் பெண் இறந்தார். வெற்றுத் தோட்டா என்று போலீஸ்காரர் நினைத்தது நிஜத் தோட்டா. கடைக்குள் திருடன் வந்தால் என்ன செய்வது என்று நடித்துப் பழகும் வகுப்புக்குப் போவதானால் இதை மனதில் வையுங்கள். அங்கே நீலமோ சிவப்போ பூசிய பிளாஸ்டிக் துப்பாக்கிகள் அல்லது பயிற்சிக்கென்றே செய்த கருவிகள் மட்டும்தான் இருக்க வேண்டும். நுழையும் முன் ஒவ்வொருவரையும், பயிற்சியாளர் உட்பட, இன்னொருவர் தடவிப் பார்க்க வேண்டும். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

காலையில் முதல் பேச்சில் இன்னொன்றையும் எதிர்பாருங்கள்: யாருக்காவது குண்டு பட்டால் என்ன செய்வது? ரத்தத்தை நிறுத்துபவர் யார், 911-ஐ அழைப்பவர் யார், வாசலில் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டுபவர் யார் என்று பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும். முதலுதவிப் பை எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதில் டூர்னிகே, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை, இருக்க வேண்டும். தொடை ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களே அவகாசம். 2015-ல் வெள்ளை மாளிகை தொடங்கிவைத்த ‘ஸ்டாப் த பிளீட்’ இயக்கத்தின் ரத்தம் நிறுத்தும் வகுப்பை முதலில் முடித்துவிட்டு வாருங்கள். இரவுக் கடையில் துப்பாக்கியைவிட அது உங்களுக்குப் பயன்பட வாய்ப்பு அதிகம்.

உடை விஷயம் சின்னதுதான், ஆனால் வலிக்கும். கழுத்து மூடிய சட்டை, முன்விளிம்புள்ள தொப்பி, மூடிய ஷூ. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு கொதிக்கக் கொதிக்கச் சட்டைக்குள் விழுந்தால், துப்பாக்கியைப் பிடித்தபடியே துள்ளுவீர்கள். குழல் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. மூடிய கூடத்தில் சுடுவதானால் காதுக்குள் அடைப்பும் மேலே இயர்மஃபும் சேர்த்தே போடுங்கள். கர்ப்பிணிகள் சுடுதளத்தைத் தவிர்க்க வேண்டும். காற்றில் ஈயம் இருக்கும், இரைச்சலும் குழந்தையை எட்டும். முடிந்ததும் கைமுகம் கழுவாமல் சாப்பிடாதீர்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ஷூவை வாசலிலேயே விடுங்கள்.

சட்டைப் பை, பேன்ட் பை, முதுகுப் பையின் அடி எல்லாவற்றையும் அன்றைக்கே கவிழ்த்துக் கொட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பையோடு சென்னைக்கு வந்து, திரும்பிப் போகும்போது ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்தால் ஆயுதச் சட்டம் பாயும். தெரியாமல் கிடந்தது என்று நீதிமன்றத்தில் சொல்ல வழி உண்டு. ஆனால் அதற்குள் விமானம் போயிருக்கும், காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். சுடுதளத்துக்கென்று தனிப் பை வாங்கி, அதைக் கார் டிக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.