தீவுகளில் குடியேறிய ஆற்று மீன்

சிரஞ்சீவி மாலதிக்கு,

நதியிலே பிறந்து நதியிலே வளரும் மீன், நாற்புறமும் உப்புக் கடல் சூழ்ந்த தீவுகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, சேர்ந்த இடத்தில் எப்படிப் பல்கிப் பெருகுகிறது என்று கேட்டு எழுதியிருந்தாய். இதற்குப் பொதுப்பட விடை சொல்வதைவிட, நம் சந்தைகளில் ஜிலேபிக் கெண்டை என்று கூறு வைத்து விற்கிறார்களே, அந்தத் திலாப்பியா வகைகளுள் ஒன்றான மொசாம்பிக் திலாப்பியாவின் வரலாற்றைச் சொன்னால் உனக்கு விஷயம் நன்றாக விளங்கும்.

அதன் பூர்விகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. ஜாம்பசி நதியின் கீழ்ப்பகுதியும் அதற்குத் தெற்கேயுள்ள ஆறுகளும் அதன் தாயகம். 1930-களின் பிற்பகுதியில், கிழக்கு ஜாவாவிலுள்ள பிளிட்டாரைச் சேர்ந்த முஜாயிர் என்பவர், சேராங் ஆற்றின் முகத்துவாரத்தில் இம்மீனைக் கண்டு பிடித்து வந்து, உவர்நீரிலிருந்து நல்ல நீருக்குப் படிப்படியாகப் பழக்கிக் குளத்தில் வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானியர் அதை மலாயாவுக்குக் கொண்டு சென்றனர். பிறகு 1951-ல் ஹவாயிக்கும், 1952-ல் இலங்கைக்கும், 1954-ல் பிஜிக்கும், 1960 அளவில் நவுருவுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஹவாயியில் சூரை மீன் பிடிக்க இரையாகவும், கரும்புத் தோட்டத்து வாய்க்கால்களில் பாசியைத் தின்று தீர்க்கவும். பிஜியில் பன்றிகளுக்குத் தீனியாக. நவுருவில் கொசுவை ஒழிக்க. இப்படி ஒவ்வோரிடத்திலும் யாரோ ஒருவர் ஊருக்கு உபகாரம் என்று எண்ணியே அதை நீரில் விட்டார். கடல் கடந்தது மீனின் பிரயத்தனத்தால் அல்ல, மாலதி. மனிதன் அதைச் சுமந்து சென்றான்.

ஆனால் விட்ட இடத்தோடு அது நின்றுவிடவில்லை. நல்ல நீரில் இருக்கும்போது, நீரில் அருகிக் கிடக்கும் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் அதன் செவுள் உயிரணுக்கள், கடலை அடைந்ததும் தம் தொழிலை மாற்றிக்கொண்டு, குடித்த கடல்நீரின் மிகுதி உப்பை வெளியே தள்ளுகின்றன. மெல்ல மெல்லப் பழகினால், கடல்நீரைப்போல் மூன்று மடங்கு உப்புள்ள நீரிலும் அது பிழைத்திருக்கும். பானிங் என்னும் பவழத்தீவில் 1958-ல் விடப்பட்ட மீன்களின் சந்ததி, பின்னர் அங்குள்ள கடல்நீர்க் காயலிலேயே பரவிவிட்டது. மற்ற நன்னீர் மீன்களுக்கு மதிலாக நிற்கும் சமுத்திரம், கரையோரமாகவேனும் இதற்குப் பாதையாகிவிடுகிறது. தாய் மீனோ முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறத்தாழ மூன்று வாரம் வரை தன் வாயிலேயே வைத்துக் காக்கிறது. ஆகையால் வாய் நிறையக் குஞ்சுகளோடு ஒரே ஒரு தாய் அடுத்த ஆற்றுக்குள் நுழைந்துவிட்டாலும், அங்கே ஒரு புதிய குடி தோன்றிவிடக்கூடும். நெருக்கம் மிகுந்து ஆகாரம் குறைந்த குளத்தில் அது அழிந்துபோவதில்லை. வளர்ச்சியைக் குறுக்கிக்கொண்டு, இரண்டு மூன்று மாதத்தில், விரல் நீளத்திலேயே இனம் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. நான் பெரிதும் வியப்பது இந்தக் குணத்தைத்தான். நவுருவின் மக்கள் கடலோரத்தில் பால் கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, நல்ல நீருக்குப் பழக்கி, புவாடா ஏரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தார்கள். அந்த ஏரியில் சின்னஞ்சிறு திலாப்பியாக்கள் நிறைந்து இரையைப் பங்கிட்டுக்கொண்டதால், பால் கெண்டை வளர்ப்பு நலிந்தது. ஒரு சிறு தேசத்தின் பழந்தொழில் இவ்வாறு க்ஷீணித்ததை நினைத்தால் மனம் வருந்துகிறது.

கடலிலிருந்து தாமே எழுந்த தீவுகளின் ஓடைகளில் சுதேச மீன் இனங்கள் மிகச் சில. ஹவாயியின் ஓடைகளில் ஐந்தே ஐந்து. ஓ-ஓபு என்று அவற்றை அழைப்பார்கள். முட்டையிலிருந்து வெளிப்பட்ட குஞ்சுகள் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்ச் சில மாதம் வாழ்ந்து, மறுபடி ஆற்றுக்குத் திரும்புகின்றன. அவற்றுள் ஒன்று, வயிற்றுத் துடுப்புகள் கூடி அமைந்த உறிஞ்சியால் பாறையைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ 135 மீட்டர் உயரமுள்ள அகாகா நீர்வீழ்ச்சியின் மேலே ஏறிவிடுகிறது! அவ்வளவு உயரம் ஏறவல்ல ஜீவனுக்கும் ஆற்றுக்குள் புகும் வாசல் முகத்துவாரம் ஒன்றுதான். திலாப்பியா விரும்பித் தங்குமிடமும் ஆற்றின் அந்தக் கீழ்ப்பகுதியே. பிஜியிலும் ஓடை மீன்கள் பல இவ்வாறே கடலுக்கும் ஆற்றுக்குமாக வாழ்பவை. அங்கே திலாப்பியா புகுந்த ஓடைகளில் சுதேச மீன் இனங்கள் சராசரி 11 குறைவாக இருப்பதாக 2010-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கண்டது. காடழிந்த கரைகளுக்கும் இந்த ஹானியில் பங்குண்டு என்பதை மறந்துவிடாதே.

எல்லாத் தீவுக்கும் அது கேடே என்று சொல்வது நியாயமாகாது. இலங்கையின் பழைய ஏரிகள் மன்னர்கள் வெட்டியவை. அகன்று தேங்கிய நீரில் தழைக்கும் மீன்கள் அங்கே குறைவாக இருந்தபடியால், திலாப்பியாவுக்கு இடமும் இரையும் தாராளமாகக் கிடைத்தன. உள்நாட்டு ஏழை எளியவர்க்கு மலிவான உணவும், பல குடும்பங்களுக்குப் பிழைப்பும் அதனால் உண்டாயின.

இன்னொரு செய்தியும் உண்டு. உலகிலேயே மிகுந்த தீங்கு செய்யும் அந்நிய உயிரினங்கள் நூறு என்று வகுத்த பட்டியலில் இடம்பெற்ற இதே மீனை, அதன் ஆப்பிரிக்கத் தாயகத்தில் அழிவாய்ப்புள்ள இனமாகவும் குறித்திருக்கிறார்கள். பண்ணைகளுக்காகக் கொண்டுவந்த நைல் திலாப்பியா அந்த நதிகளில் புகுந்து, இதனோடு கலந்து, இதன் தூய வமிசத்தைக் கரைத்து வருகிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா