வளையும் மூட்டு, விடாத வலி

கேள்வி: என் மகளுக்கு வயது 19. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தாலே தோள்மூட்டு நழுவுகிறது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘எஹ்லர்ஸ்-டான்லோஸ்’ ஆக இருக்கலாம் என்கிறார் டாக்டர். குணமாகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரிப்போர்ட் நார்மல் என்பதால் அவளுடைய வலி பொய்யாகிவிடாது. வீட்டில் யாரும் அவளைச் சோம்பேறி என்று சொல்ல விடாதீர்கள்.

எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் தசைநார்களுக்கு உறுதி தருவது கொலாஜன். அதில் வரும் பிறவிக் கோளாறுதான் எஹ்லர்ஸ்-டான்லோஸ். 2017-இல் வகுத்தபடி 13 வகைகள். மூட்டுத் தளர்ச்சியே முதன்மையான வகைக்கு மட்டும் காரணமான மரபணு இன்னும் பிடிபடவில்லை. அதனால் கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கை பின்னால் வளைகிறதா என்று பார்த்து 9-க்கு மதிப்பெண் போடுவார்கள். தோலையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்தே முடிவு செய்வார்கள். ரத்தக்குழாய்களைத் தாக்கும் வகை உயிருக்கே ஆபத்தானது. அது இல்லை என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

வேரோடு குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுத்தால் நழுவுவது குறையும். சுவரில் உள்ளங்கையை ஊன்றி, தோளை அசைக்காமல் மெல்ல அழுத்திப் பிடிப்பது போன்ற பயிற்சிகளை, இந்த நோயை அறிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்கட்டும். உடம்பு வளைகிறதே என்று கடினமான ஆசனங்கள் செய்ய வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போகவே வேண்டாம். பஸ்ஸில் கூச்சப்படாமல் சீட் கேட்கட்டும். தேர்வில் விரல் மூட்டு நோகாமல் எழுதத் தடித்த பேனா வாங்கிக் கொடுங்கள். பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இவர்களில் சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்வதில்லை.