நீல ஒளியில் மின்னும் பவளம்: கண் சொல்வதை நம்பலாமா?



அலங்கார மீன் கடையில் உப்புநீர்த் தொட்டி ஒன்றின் முன் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி முழுவதும் நீல ஒளி. அதற்குள் ஒரு சிறிய பவளம் பச்சை நிறத்தில் தகதகவென்று மின்னுகிறது. ஆசையோடு வாங்கி வந்து, வீட்டுத் தொட்டியில் வெள்ளை விளக்கின் கீழ் வைக்கிறீர்கள். மின்னல் மறைந்து, மங்கிய பழுப்பு நிறம்தான் தெரிகிறது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. அதே பவளம்தான். மாறியது ஒளி மட்டுமே.

சரி, கடையில் இருந்ததுபோல் நீல ஒளியைக் கூட்டலாம் என்று விளக்கின் நீலப் பொத்தானை அழுத்துகிறீர்கள். தொட்டி இன்னும் இருட்டாகத்தான் தெரிகிறது. மேலும் கூட்டுகிறீர்கள். பத்து நாளில் பவளம் எலும்புபோல் வெளுத்துவிடுகிறது. எங்கே தவறு நடந்தது? இந்த வாரப் பாடத்தில் அதற்கு விடை தேடுவோம்.

பவளத்துக்கு ஒளி எதற்கு?

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு விலங்கு. பொலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் திசுக்களுக்குள் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. இப்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து உணவு தயாரிக்கின்றன. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரைகூட இப்பாசிகளிடமிருந்து கிடைக்கலாம். பதிலுக்குப் பவளம் இருப்பிடமும் கரியமில வாயுவும் சத்துப் பொருள்களும் தருகிறது.

ஆகவே, தொட்டியின் விளக்கு அழகுக்காக மட்டும் மாட்டப்படுவதன்று. பவளத்துக்கு அதுவே அடுப்பங்கரை.

கடல் ஒரு வடிகட்டி

சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. நீர் அவற்றைச் சமமாக விடுவதில்லை. தெளிந்த கடல்நீரில் சிவப்பு ஒளியின் பெரும்பகுதி முதல் சில மீட்டர்களிலேயே உட்கவரப்பட்டுவிடும். நீல ஒளியே மிக ஆழம்வரை செல்லும். அதனால்தான் முக்குளிப்பாளர்கள் எடுக்கும் படங்கள் நீலமாகத் தெரிகின்றன.

இந்தச் சூழலுக்கு ஏற்பவே நுண்பாசிகளும் அமைந்துள்ளன. அவற்றில் இலைகளில் உள்ளதைப்போல் பச்சையம் 'ஏ' இருக்கிறது. கூடவே பச்சையம் 'சி', பெரிடினின் என்ற இரு நிறமிகளும் உள்ளன. இவை நீல ஒளியையும் நீலப்பச்சை ஒளியையும் நன்கு உட்கவர்கின்றன. பவளத் தொட்டி வைத்திருப்போர் 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளிக்கு முக்கியத்துவம் தருவதன் காரணம் இதுதான்.

சிவப்பு ஒளியைப் பச்சையம் உட்கவரும் என்பது உண்மை. ஆனால் அதை அளவுக்கு மீறிக் கொடுப்பது நல்லதன்று. ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லாட்டா என்ற பவளத்தை வைத்துச் செய்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, சிவப்பு ஒளி அதன் பாசிகளின் செயல்பாட்டைக் குறைப்பதாகக் காட்டியது.

பச்சை மின்னலின் இரகசியம்

நீல ஒளியில் பவளம் ஏன் பச்சையாக மின்னுகிறது? அதன் திசுவில் உடனொளிரும் புரதங்கள் உள்ளன. அவை நீல ஒளியை வாங்கி, பச்சை ஒளியாகத் திருப்பித் தருகின்றன.

ஒளித்துகளின் ஆற்றல் அதன் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். 450 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி 510 நானோமீட்டர் பச்சை ஒளியை வெளியிட்டால், ஆற்றலில் சுமார் 12 விழுக்காடு குறைகிறது. அந்த மிச்சம் வெப்பமாகப் போய்விடும். வாங்கியதைவிடக் குறைந்த ஆற்றலே வெளியே வரும். அதனால்தான் நீலம் பச்சையாகிறது.

வெள்ளை விளக்கின் கீழும் இந்த ஒளிர்வு நடக்கிறது. ஆனால் பவளத்தின் மேல் பட்டுத் திரும்பும் மற்ற நிற ஒளி அதை மூழ்கடித்துவிடுகிறது. பகலில் விண்மீன்கள் தெரியாததைப் போலத்தான் இதுவும்.

இத்தகைய பச்சைப் புரதம் முதலில் ஒரு ஜெல்லி மீனில்தான் கண்டறியப்பட்டது. அது பற்றிய ஆய்வுக்காக ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகிய மூவருக்கும் 2008இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

விளக்குக்குள் எட்டிப் பார்ப்போம்

எல்இடி எனப்படும் ஒளி உமிழ் இருமுனையம் ஒவ்வொன்றும் ஒரு குறுகிய அலைநீள எல்லைக்குள் ஒளி தரும். வெள்ளை எல்இடி மட்டும் சற்று வேறு. அதன் உள்ளே இருப்பதும் நீல எல்இடிதான். மேலே பூசப்பட்ட மஞ்சள் நிறப் பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பவளம் செய்யும் அதே வேலை! பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

பவளத் தொட்டி விளக்குகளில் வெள்ளை, நீலம், அடர்நீலம், ஊதா, சிவப்பு, பச்சை என்று தனித்தனி வரிசைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

ஏமாற்றுவது நம் கண்தான்

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் பச்சை ஒளியை மிக நன்றாக உணரும். 450 நானோமீட்டர் நீலத்தை அதில் சுமார் 4 விழுக்காடு அளவுக்கே உணரும். எனவே நீல ஒளி நிறைந்த தொட்டி நமக்கு இருட்டாகத் தெரியும். பவளத்துக்கோ அது உச்சி வெயிலாக இருக்கலாம்!

லக்ஸ் அளவிடும் கருவியும் இங்கே பயன்படாது. அது மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. பவளத் தொட்டிக்குத் தேவை 'பார்' அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதை அது சொல்லும். வெப்பமண்டல நண்பகல் வெயிலில் இது 2,000 வரை இருக்கும். தொட்டியில் மென்பவளங்களுக்கு 50 முதல் 100 வரையும், கிளைவிடும் சிறு பொலிப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரையும் கொடுப்பது பொதுவான வழக்கம்.

ஒளி அளவு மீறினால், பாசிகளால் அதைக் கையாள முடியாது. திசுவில் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகும். பவளம் தன் பாசிகளை இழந்து, உள்ளேயுள்ள வெள்ளைக் கூடு தெரியத் தொடங்கும். இதுவே வெளிறுதல். கடல்நீர் சூடாகும்போது பவளப்பாறைகளில் நடப்பதும் இதே வகைப் பாதிப்புதான். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடாது. ஆனால் பட்டினி கிடக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எப்படி மாற்ற வேண்டும்?

1. முதலில் பவளத்தின் வகையையும் அது முன்பு எந்த ஒளியில் இருந்தது என்பதையும் கேட்டறியுங்கள்.

2. இறுதியில் எட்ட வேண்டிய ஒளியளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மூன்று, நான்கு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

3. நீலத்தை அடிப்படையாக வைத்து, உங்கள் கண்ணுக்கு இதமாக வெள்ளையைச் சேருங்கள். சிவப்பும் பச்சையும் மிகக் குறைவாக இருந்தால் போதும்.

4. நிறத்தையும் ஒளியளவையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டையும் மாற்றினால், விளைவு எதனால் வந்தது என்று தெரியாது. அறிவியல் சோதனைகளில் ஒரு மாறியை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே விதிதான்.

5. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் ஒளி போதும். இரவு இருளும் தேவை.

6. பவளம் பழுப்பாகிக்கொண்டே வந்தால், ஒளி போதாமல் பாசிகள் பெருகியிருக்கலாம். வெளிறினால், ஒளி மிகுந்திருக்கலாம். வெப்பநிலையையும் நீரின் தரத்தையும் சோதித்த பிறகே விளக்கைத் தொடுங்கள்.

நம் கடல் நீலமாக இல்லையே!

சிங்கப்பூரின் கடற்கரையிலிருந்து பார்த்தால், நீர் பச்சையும் பழுப்பும் கலந்ததாகத் தெரியும். வண்டலும், சுமத்ராவின் சதுப்புக் காடுகளில் மக்கிய தாவரங்களிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரைந்து வரும் பழுப்பு நிறப் பொருள்களும் இதற்குக் காரணம். இப்பொருள்கள் நீல ஒளியையே அதிகம் உட்கவர்கின்றன. ஆகவே இங்குள்ள பவளங்களுக்கு ஆழத்தில் கிடைப்பது பசுமை கலந்த மங்கிய ஒளி. அவை பெரும்பாலும் ஆழம் குறைந்த சில மீட்டர்களுக்குள் ஒதுங்கி வாழ்கின்றன. அப்படியிருந்தும் இங்கே சுமார் 250 வகைக் கடினப் பவளங்கள் காணப்படுகின்றன. 2014இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்கா அவற்றின் பாதுகாப்பிடங்களுள் ஒன்று.

'பவளத்துக்கு நீல ஒளி' என்பது தெளிந்த கடலிலிருந்து நாம் கற்ற பாடம். அது எல்லாக் கடலுக்கும் பொருந்தும் விதி அல்ல. எந்தப் பவளம், எந்தக் கடல், எந்த ஆழம் என்று கேட்பதே சரியான தொடக்கம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கடினப் பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கடலிலிருந்து பவளத்தை எடுத்து வராதீர்கள். வாங்குவதானால், தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டா என்று கேட்டு வாங்குங்கள். விரல் அளவுத் துண்டு ஒன்று உருவாகவே பல மாதங்கள் ஆகியிருக்கும். அதை வெளிறச் செய்ய ஒரு பொத்தானும் பத்து நாளும் போதும்.

செய்து பாருங்கள்

மஞ்சள் ஹைலைட்டர் பேனாவால் ஒரு தாளில் எழுதுங்கள். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கின் ஒளியில் அதைப் பாருங்கள். பின்னர் விளக்கின் மேல் நீலக் கண்ணாடித் தாளை இரண்டு, மூன்று மடிப்பாக வைத்துப் பாருங்கள். எழுத்து எப்படித் தெரிகிறது? அடுத்து, கண்முன் மஞ்சள் கண்ணாடித் தாளைப் பிடித்துப் பாருங்கள். பவளத்தின் ஒளிர்வைக் காண முக்குளிப்பாளர்கள் முகமூடியில் மஞ்சள் வடிகட்டி பொருத்துவது ஏன் என்பது புரியும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. தொட்டியின் வெள்ளை ஒளியைக் குறைத்து, நீல ஒளியைக் கூட்டினோம். லக்ஸ் அளவு குறைந்தது. பவளம் பெறும் ஒளியும் குறைந்திருக்குமா?

2. பச்சைப் புரதத்தின் மேல் சிவப்பு ஒளியை மட்டும் பாய்ச்சினால், அது பச்சையாக ஒளிருமா? ஆற்றலை வைத்து விளக்குங்கள்.