இடுகாடும் சட்டமும்

மைசூர் விஜயநகரில் நாங்கள் நால்வர் தங்கியிருக்கும் இல்லத்திற்கு எதிரே, சென்ற கோடையில் புதுவீடு ஒன்றிற்குக் கடைக்கால் தோண்டினார்கள். நண்பகல் வேளையில் கடப்பாறை ஓசை திடீரென நின்றது. எட்டிப் பார்த்தேன். குழியினுள் ஓர் எலும்பு! மேஸ்திரி தமிழர், தருமபுரிப் பக்கத்தவர். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "யார் வீட்டுப் பெரியவங்களோ தம்பி, தெரியாம குத்திட்டோம்" என்றார். கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்து, அது மாட்டெலும்பு என்று சொன்ன பிறகே வேலை தொடர்ந்தது.

அன்று மாலை அவர் என்னைக் கேட்டார்: "நீங்க சட்டம் படிக்கிறவராச்சே. அது மனுச எலும்பா இருந்திருந்தா சட்டம் என்ன சொல்லும்?" எனக்கு விடை தெரியவில்லை. நாணத்தோடு நூலகம் சென்றேன். அங்கே கற்றதை மன்றத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேஸ்திரியின் கேள்விக்கு நேர்விடை எளியது. வேலையை நிறுத்திக் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஐயத்திற்குரிய சாவு என்று தோன்றினால் காவலர் விசாரிப்பர். புதைத்த உடலைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தால்தான் சாவின் காரணம் விளங்கும் என்னும் நிலையில், அதற்கு ஆணையிடும் உரிமை நடுவருக்கு உண்டு. முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவில் இருந்த இவ்வதிகாரம், இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் உள்ளது. மெய்யறிய வேண்டிப் புதைகுழியைத் திறக்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அவ்வழி நடுவரின் கையெழுத்தின் வழியே செல்கிறது.

சரி, ஒருவன் வேண்டுமென்றே கல்லறையைக் குலைத்தால்? 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு அதனைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 301-ஆம் பிரிவு. வழிபாட்டிடத்திலோ, கல்லறையிலோ, ஈமச்சடங்கிற்கென ஒதுக்கிய இடத்திலோ அத்துமீறி நுழைதல், பிணத்தை இழிவு செய்தல், ஈமச்சடங்கிற்குக் கூடியோர்க்கு இடையூறு விளைத்தல் ஆகிய மூன்றும் குற்றமாம். தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் இப்பிரிவைக் கூர்ந்து நோக்குங்கள். செயல் மட்டும் போதாது. ஒருவர் மனத்தைப் புண்படுத்தும் அல்லது ஒரு மதத்தை இழிவுபடுத்தும் எண்ணமாவது, அவ்வாறு நேரக்கூடும் என்ற அறிவாவது இருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் சட்டம் காப்பது யாரை? மண்ணின்மேல் நின்று அழுபவரின் மனத்தையே முதலில் காக்கிறது. அழுவதற்கு எவரும் எஞ்சாத குழிக்கு இச்சட்டத்தின் நிழல் மெலிந்தே விழுகிறது.

நீதிமன்றங்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய முயன்றுள்ளன. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் கண்ணியம், இறந்தவரின் உடலுக்கும் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் 1995-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் கூறிற்று. எனினும் இடைவெளி முற்றும் அடையவில்லை. கொலையுண்ட பெண் ஒருவரின் சடலத்திற்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய வழக்கில், உயிரற்ற உடல் சட்டத்தின் பொருளில் 'நபர்' ஆகாது என்று 2023 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலைக்குற்றத்தை மட்டும் உறுதி செய்து, சடலத்தின்மீது நிகழும் அத்தகைய குற்றத்திற்குத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அப்படியொரு பிரிவு இடம்பெறவில்லை.

பழமையான கல்லறைகளுக்கோ வேறொரு சட்டம் உண்டு. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம், நூறாண்டு கடந்த புதைவிடத்தையும் தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. தேசிய முக்கியத்துவம் உடையதென அறிவிக்கப்பட்டால், அதனைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதை 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. நம் ஆதிச்சநல்லூரின் தாழிக்காடு அவ்வாறு காக்கப்படும் இடமே. அக்காப்பு வருமுன், 1876-இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே தோண்டியெடுத்தவை பெர்லின் சென்று சேர்ந்தன!

இதைப் படித்த மறு ஞாயிறு சீரங்கப்பட்டணம் சென்றேன். திப்பு சுல்தான் தம் பெற்றோர் அருகில் துயிலும் கும்பஸ் மாளிகை காவலும் தோட்டமுமாக விளங்குகிறது. காவிரிக் கரையோரம், அவரை வென்ற படையினரின் இடுகாடு. அங்கே ஏறத்தாழ 300 கல்லறைகள். நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்தன. டெ மியூரான் என்னும் சுவிட்சர்லாந்துப் படைப்பிரிவின் வழித்தோன்றல்கள், தம் முன்னோரின் பெயரைத் தேடி வந்து சீரமைக்கத் துணை நின்றார்கள். இருநூறாண்டு கழித்தும் கடல்கடந்து ஆளை வரவழைத்தது எது? கல்லில் வெட்டிய பெயர்!

அக்கற்களின் நடுவே நின்றபோது என் பாட்டனாரின் நினைவு எழுந்தது. அவர் கோலார் தங்கவயலில் சுரங்கத்தினுள் உழைத்து மாண்டவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது தந்தையார் அழைத்துச் சென்று காட்டினார்: ஒரு மண்மேடு, அதன் தலைமாட்டில் ஒரு கற்றாழை. கல் இல்லை, பெயர் இல்லை. சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பின் எங்கள் உறவினர் ஊர் ஊராகச் சிதறினர். சென்ற ஆண்டு நான் தேடிச் சென்றபோது அவ்விடத்தில் புதுக்குழி ஒன்று இருந்தது. மாலை வாடவில்லை. மூதாட்டி ஒருவர் அமர்ந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரைக் குறை சொல்வது? தோண்டியவருக்குத் தீய எண்ணம் இல்லை. அங்கே ஒருவர் உறங்குகிறார் என்று அறிய வழியும் இல்லை. 301-ஆம் பிரிவு அங்கே வாய் திறவாது. நானும் வாய் திறவாமல் திரும்பினேன்.

நண்பர்களே! பெயரற்ற குழிகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஏழைகளுடையவை, ஊருக்குக் குழிவெட்டும் பணியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டவர்களுடையவை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கட்டாயப்படுத்திப் பிணம் சுமக்கவோ குழிவெட்டவோ வைப்பதும், பிறரோடு ஒப்ப இடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றங்களாயின. வாழ்வில் இருந்த வேற்றுமை சாவிலும் தொடர்வதைச் சட்டம் கண்டுகொள்ள அத்துணைக் காலம் ஆயிற்று.

அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாம் மூன்று செயல்கள் செய்யலாம். ஊரின் இடுகாடு வருவாய்ப் பதிவேட்டில் மயானம் என்றே பதிவாகியுள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியலாம். பதிவில்லாத இடுகாடு எளிதில் மனைக்கட்டாகிவிடும். முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, எந்தக் குழியில் யார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். நம் வீட்டாரின் குழிக்கு ஒரு சிறு கல்லாவது நடலாம்.

சட்டம் சாட்சி கேட்கும். இறந்தவர் சாட்சி சொல்ல வரமாட்டார். அவருக்காகப் பேசுவது அந்தக் குறிப்பேடும் அந்தக் கல்லுமே. மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். சிறிது நேரம் எண்ணிவிட்டு அவர் கேட்டார்: "ஒரு கல்லுல பேர் வெட்ட என்ன ஆகும் தம்பி? எங்க அப்பாவுக்கும் ஒண்ணு வைக்கணும்."