எச்.ஐ.வி. மேல்தொற்று உணர்த்தும் பாடம்

தட்டம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வருவது மிக அரிது. முதல் தாக்குதலை நினைவிற் கொண்ட உடல், அடுத்த தாக்குதலை முளையிலேயே கிள்ளிவிடுகிறது. தடுப்பூசி முறைக்கு அடிப்படை இந்த நினைவாற்றலே. எச்.ஐ.வி. கிருமியைப் பொறுத்தவரை இவ்விதி முழுமையாகப் பொருந்துவதில்லை. தொற்று நிலைபெற்றுவிட்ட ஒருவரை அதே கிருமியின் வேறொரு வகையும் தொற்றக்கூடும். இதுவே ‘மேல்தொற்று’ எனப்படுகிறது.

இதற்கான உறுதியான சான்றுகள் 2002ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வெளியாயின. அமெரிக்க நோயாளியின் உடலில், கிருமி புகுந்த அணுக்களை அழிக்கும் வெள்ளையணுக்கள் வலுவாகவே செயற்பட்டு வந்தன. எனினும், முதல் கிருமியின் நெருங்கிய உறவான இரண்டாம் கிருமியை அவற்றால் தடுக்க இயலவில்லை. கிருமி ஓயாது உருமாறுவதால், ஒன்றை அடையாளம் காணப் பழகிய அணுக்கள் மற்றொன்றைத் தவறவிடுகின்றன.

கென்யாவின் மொம்பாசாவிலும் உகாண்டாவின் ராக்காயிலும் நடைபெற்ற ஆய்வுகள், மேல்தொற்று அத்துணை அரிதன்று எனக் காட்டின. இரு வகைக் கிருமிகள் ஒரே அணுவிற் சேர்ந்தால், அவற்றின் மரபுக்கூறுகள் கலந்து புதிய கலப்பு வகை தோன்றவும் கூடும்.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. மொம்பாசாவில் மேல்தொற்றுக்கு ஆளான பெண்களிடம், பல்வகைக் கிருமிகளையும் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் கூடுதலாகக் காணப்பட்டன. வேறுபட்ட வகைகளை அடுத்தடுத்து அறிமுகம் செய்தால் உடலின் தற்காப்பு விரிவடையலாம் என்பது தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு இதனாற் கிடைத்த குறிப்பு.

தடுப்பூசி கைக்கு எட்டும்வரை தடுப்பு முறைகளே துணை. இந்தியாவில் 2004 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை என்ற கொள்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. மருந்தைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்திற் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்துவரும் ஒருவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை.

‘இருவருக்கும் நோய் உண்டு, இனிக் காப்பு எதற்கு?’ என்னும் எண்ணம், கிருமி இவ்வாறு அடங்காத நிலையில் ஆபத்தானது. ஆணுறையும் தூய ஊசியும் அப்போது இருவருக்கும் தேவையே. ஆலோசனை மையங்களில் இதனைத் தெளிவாக எடுத்துரைக்கப் பெருஞ்செலவு ஆகாது. கூறாது விட்டால் நேரும் இழப்போ பெரிது.