கார்ல கீறலா? க்ளெய்ம் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

காலையில் பார்க்கிங்கில் வந்து பார்த்தால் கார் கதவில் நீளமா ஒரு கீறல். யார் போட்டதுன்னு தெரியாது. "இன்ஷூரன்ஸ் இருக்கே, க்ளெய்ம் பண்ணிடலாம்"னு தோணும். ஒரு நிமிஷம் பொறுங்க.

க்ளெய்ம் பண்ணாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் நோ க்ளெய்ம் போனஸ் கிடைக்கும். வரிசையா 20, 25, 35, 45, 50 சதவீதம். ஒரே ஒரு க்ளெய்ம் போட்டாலும் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம்.

கணக்கு இதுதான்

ஓன் டேமேஜ் பிரீமியம் ₹10,000, உங்க போனஸ் இப்போ 35%னு வைங்க. (வருஷா வருஷம் பிரீமியம் மாறும். புரியறதுக்காக ஒரே தொகை.)

- முதல் ரினியூவல்: 45% கிடைக்க வேண்டியது 0. இழப்பு ₹4,500
- இரண்டாவது: 50%க்குப் பதில் 20%. ₹3,000
- மூன்றாவது: 25%. ₹2,500
- நான்காவது: 35%. ₹1,500
- ஐந்தாவது: 45%. ₹500

மொத்தம் ₹12,000. பெயிண்டிங் பில் ₹5,000னா, 1500 சிசி வரைக்குமான காருக்குக் கட்டாயக் கழிவு ₹1,000 போக கைக்கு வர்றது அதிகபட்சம் ₹4,000. நாலாயிரத்துக்காகப் பன்னிரண்டாயிரம்!

"எனக்கு ஜீரோ டெப் இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. அது பாகங்களின் தேய்மானத்துக்குத்தான். போனஸைக் காப்பாத்த நோ க்ளெய்ம் போனஸ் ப்ரொடெக்ட்னு தனி ஆட்-ஆன் வேணும்.

நகத்தை வச்சுப் பாருங்க

கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவா ஓட்டுங்க.

*நகம் மாட்டலையா?* மேலே இருக்கிற க்ளியர் கோட்டில் மட்டும்தான் கீறல். காரைக் கழுவி, காய்ந்ததும் மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து மெதுவா தேயுங்க. க்ளியர் கோட் தலைமுடியை விட மெல்லிசு, அதனால அழுத்தித் தேய்க்காதீங்க. கடைசியா வாக்ஸ்.

*நகம் மாட்டுது, கலர் போயிருக்கா?* டச்-அப் பெயிண்ட் வாங்குங்க. "வெள்ளை"ன்னு மட்டும் சொல்லி வாங்காதீங்க. கதவு ஃபிரேமிலோ பானெட்டுக்குள்ளேயோ ஸ்டிக்கரில் பெயிண்ட் கோட் இருக்கும். இரும்பு தெரிஞ்சா துருவை உப்புத்தாளால் தேய்ச்சு, துடைச்சு, முதலில் பிரைமர். அப்புறம் பெயிண்டை மெல்லிசா இரண்டு மூணு தடவை, ஒவ்வொண்ணும் காய்ந்த பிறகு வைங்க. கடைசியா க்ளியர் கோட். நிழலில் செய்யுங்க. கிட்டப் போய்ப் பார்த்தா தெரியத்தான் செய்யும். ஆனா துரு பிடிக்காது, அதுதான் முக்கியம். பிளாஸ்டிக் பம்பர்னா துரு பயமே இல்லை, அப்படியே விட்டாலும் பரவாயில்லை.

*நெளிஞ்சிருக்கா, பேனல் முழுக்கப் போயிருக்கா?* டிங்கரிங் கடைக்குப் போங்க. ஸ்ப்ரே கேனை வச்சு முழுக் கதவையும் அடிக்கப் பார்த்தா, வெயிலில் மங்கின பழைய கலரோட சேராது. தூசி ஒட்டும், பக்கத்து வீட்டுக் காரிலும் தெறிக்கும். ஹார்டனர் கலந்த 2கே க்ளியரை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து, சாதாரண மாஸ்க் தடுக்காது.

அப்போ எப்போ க்ளெய்ம்?

கடையில் கொட்டேஷன் வாங்குங்க. அதில் கழிவைக் கழிச்சுட்டு, நீங்க இழக்கப்போற போனஸோட ஒப்பிடுங்க. பில் பெரிசா இருந்தா தயங்காம க்ளெய்ம் பண்ணுங்க. இன்ஷூரன்ஸ் பெரிய அடிக்கு. சின்னக் கீறலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.